வெயிலும் வண்டியின் வண்ணமும்

இன்று மாலை வீடு திரும்பும்போது, தெருவோரத்தில் நிற்கும் ஒரு பழைய காரின் அருகே சற்று நின்று அதை உற்றுப் பாருங்கள். அதன் கதவுகளில் வண்ணம் ஓரளவு நன்றாகவே இருக்கும். குனிந்து பார்த்தால் உங்கள் முகம்கூடத் தெரியலாம். பிறகு அதன் கூரையையும், எஞ்சினை மூடியிருக்கும் பானெட்டையும், பின்புறப் பெட்டியின் மூடியையும் பாருங்கள். அங்கே பளபளப்பு மங்கியிருக்கும். நிறம் வெளுத்து, நீறு பூத்தாற்போல் இருக்கும். சில வண்டிகளில் மேற்பூச்சு பொருக்குத் தட்டி, வெயிலில் காய்ந்த தோல் உரிவதுபோல் உரிந்து கிடக்கும்.

ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில், ஒரே வண்ணம் பூசப்பட்ட வண்டி அது. அதில் ஒரு பகுதி இளமையோடும் மற்றொரு பகுதி முதுமையோடும் தோன்றுவது ஏன்? கதவுகள் செங்குத்தாக நிற்பவை. கூரையும் பானெட்டும் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பவை. பகல் முழுவதும் வெயில் விழுவது அவற்றின் மேல்தான். சென்னை மாநகரம் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலும் ஆகஸ்டு மாத நடுப்பகுதியிலும், நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் கூரையின் மேல் கதிர்கள் செங்குத்தாக விழுகின்றன. கதவுகளையோ அவை தடவிக்கொண்டு கீழே இறங்கிவிடுகின்றன.

இந்த உண்மையை நான் நூல்களில் படித்து அறிவதற்கு முன்னரே ஒரு தவற்றின் வாயிலாக அறிந்தேன். அதைச் சொல்லியே என் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

என் தாய்மாமன் மதுரையில் வாடகைக் கார் ஓட்டி வந்தார். கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும் கொண்ட அம்பாசிடர் வண்டி. 1994-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் அப்போது கல்லூரியில் ரசாயனம் படித்துக் கொண்டிருந்தேன். மாமாவின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. செலவுக்காக வண்டியை விற்க முடிவு செய்திருந்தார். விலை பேசியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்த்துவிட்டுப் பணம் தருவதாக வாங்குபவர் சொல்லியிருந்தார். வண்டியின் எஞ்சின் நன்றாக இருந்தது. ஆனால் பானெட் மட்டும் சாம்பல் நிறமாக மங்கிப் போயிருந்தது.

மாமாவுக்குத் தெரியாமல் வண்டியைப் பளபளப்பாக்கி, அவரை மகிழ்விக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சனிக்கிழமை அவர் வெளியே போயிருந்த நேரத்தில், கடையிலிருந்து வாட்டர் பேப்பரும் ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்டும் வாங்கி வந்தேன். நடுப்பகல் வெயிலிலேயே நின்று தேய்க்கத் தொடங்கினேன். துணி கன்னங்கரேலென்று ஆயிற்று. ‘எவ்வளவு அழுக்கு!’ என்று எண்ணிக்கொண்டு, இன்னும் வலுவாகத் தேய்த்தேன். கறுப்பு மெல்ல ஒளி பெற்றது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. துணி வெளுக்கும் வரையில் தேய்ப்பது என்று உறுதி கொண்டேன். துணி வெளுக்கவில்லை. மூன்று மணி அளவில் பானெட்டின் விளிம்பில் செங்காவி நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன்; போகவில்லை. அது அடியில் பூசியிருந்த ரெட் ஆக்சைடு. மேலே இருந்த கறுப்பு முழுவதையும் நான் தேய்த்துத் தீர்த்திருந்தேன்.

பதறிப்போய் இரண்டு தெரு தள்ளியிருந்த பெயின்டிங் பட்டறைக்கு ஓடினேன். அதன் உரிமையாளரை எல்லோரும் ‘பாய்’ என்றே அழைப்பார்கள். அவர் வந்து பானெட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த துணியை வாங்கிப் பார்த்தார்.

“தம்பி, இது கறுப்பா இருக்கே, என்னன்னு நெனச்சீங்க?” என்று கேட்டார்.

“அழுக்கு பாய்” என்றேன்.

“அழுக்கு இல்லை தம்பி. உங்க மாமா வண்டியோட பெயின்டு. பெயின்டுங்கிறது பெட்டியிலே இருக்கிற ரொக்கம் மாதிரி. தேய்க்கிறதெல்லாம் செலவுதான். வரவே கிடையாது” என்றார்.

அன்றிரவே அவர் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். ஆனால் புதிய கறுப்பு பழைய கறுப்போடு ஒட்டவில்லை. மறுநாள் வந்தவர் அந்தத் திட்டைப் பார்த்தவுடன், வண்டி எங்கோ மோதியிருக்கிறது என்று ஐயம் கொண்டார். பேசிய விலையில் 5,000 ரூபாயைக் குறைத்தார். மாமா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. “போகட்டும் மாப்பிள்ளை” என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ரசாயனம் படித்த மாணவனாகிய நான், அந்தப் பானெட்டில் நடந்திருந்ததும் ரசாயனமே என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அது என்ன என்பதை இப்போது பார்ப்போம்.

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத கதிர்களும் உள்ளன. ஊதா நிறத்துக்கும் அப்பால் உள்ளவற்றைப் புற ஊதாக் கதிர்கள் என்கிறோம். தரையை வந்து சேரும் சூரிய ஆற்றலில் இவற்றின் பங்கு சுமார் 5 சதவீதமே. பங்கு சிறிது, ஆனால் வலிமை பெரிது. ஒளி ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாகச் சுமந்து வருகிறது என்று பௌதிகத்தில் படித்திருப்பீர்கள். அலைநீளம் குறையக் குறையப் பொட்டலத்தின் ஆற்றல் கூடும். 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியின் ஆற்றலை ஒரு மோலுக்குக் கணக்கிட்டால் 171 கிலோஜூல் வருகிறது. 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிருக்கோ ஏறக்குறைய 399 கிலோஜூல். இரு கார்பன் அணுக்களுக்கிடையே உள்ள ஒற்றைப் பிணைப்பை அறுக்கச் சுமார் 347 கிலோஜூல் வேண்டும். சிவப்பொளி எவ்வளவு நேரம் விழுந்தாலும் அந்தப் பிணைப்பை அறுக்க இயலாது. புற ஊதாக் கதிரின் ஒரே பொட்டலம் அதை அறுக்கப் போதுமானது. நல்லூழாக, 290 நானோமீட்டருக்கும் குறைந்த கதிர்களை வளிமண்டலத்திலுள்ள ஓசோன் தடுத்துவிடுகிறது. எஞ்சி வருபவையே இந்த வேலையைச் செய்கின்றன.

வண்டியின் வண்ணம் என்பது என்ன? அதில் இரண்டு முக்கியமான பொருள்கள் உள்ளன. ஒன்று நிறமி, அது நிறம் தரும் நுண்ணிய தூள். மற்றொன்று பிசின், அது அந்தத் தூளைக் கட்டிப் பிடித்துத் தகட்டோடு ஒட்ட வைக்கிறது. பிசின் என்பது நீண்ட கார்பன் சங்கிலிகளால் பின்னிய வலை. புற ஊதாக் கதிர் பட்டு ஒரு கண்ணி அறுந்தால், அறுந்த முனை சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு அடுத்த கண்ணியைத் தாக்குகிறது. அது அதற்கடுத்ததைத் தாக்குகிறது. இப்படியே வலை நைந்து போகிறது. பிடிப்பை இழந்த நிறமித் தூள் மேலே தனித்து நிற்கிறது. நாம் கண்ட நீறு அதுதான். கரடாகிப் போன பரப்பு ஒளியைச் சீராகத் திருப்பாமல் நாற்புறமும் சிதறடிப்பதால், கறுப்பு வண்டி சாம்பல் நிறமாகத் தெரிகிறது.

வெப்பமும் ஈரமும் இந்த வேலைக்குத் துணை செய்கின்றன. கோடை வெயிலில் கறுப்பு வண்டியின் மேல்தகடு 70 டிகிரி செல்சியஸ் வரைகூடச் சூடேறலாம். சூடு ஏறினால் ரசாயன மாற்றங்கள் விரைவாக நடைபெறும். இரவில் தகடு குளிர்ந்து பனி படியும். அந்த ஈரம் பூச்சினுள் ஊறும். மறுநாள் மீண்டும் காயும். ஊறுவதும் காய்வதுமாகிய இந்த மாற்றம் பூச்சில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. இந்த இரட்டைத் தாக்குதலை அளந்து பார்ப்பதற்காகவே அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் தென்பகுதியில் 1930-கள் முதல் சோதனைக் களங்கள் இயங்கி வருகின்றன. வண்ணம் பூசிய தகடுகளைத் தெற்கு நோக்கி 5 டிகிரி சாய்வில், ஒரு காரின் பானெட் கிடப்பதுபோலக் கிடத்தி, ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் விட்டு வைக்கிறார்கள். ஈரமில்லாத வெப்பத்துக்கு அரிசோனாப் பாலைவனத்தில் சோதனை நடத்துகிறார்கள்.

இனி வண்ணத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில், குதிரை வண்டிக்குப் பூசியது போலவே எண்ணெய் வார்னிஷைப் பல முறை பூசிக் காய வைத்தார்கள். ஒரு வண்டிக்கு வண்ணம் பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. 1923-ஆம் ஆண்டில், பஞ்சை நைட்ரிக் அமிலத்தால் பக்குவப்படுத்திக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சு கார்களுக்கு வந்தது. ‘டியூக்கோ’ என்ற பெயர் கொண்ட அந்தப் பூச்சு முதலில் ஓக்லண்டு என்னும் காரில் நீல நிறத்தில் தோன்றிற்று. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. பின்னர் 1930-களில் ஆல்கைடு எனாமலும், 1950-களில் அக்ரிலிக் பூச்சும் வந்தன. இவை எல்லாவற்றிலும் நிறமி மேற்பரப்பிலேயே இருந்தது. என் மாமாவின் வண்டியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதனால்தான் துணியில் கறுப்பு ஏறியது.

1980-களில் உலகெங்கும் வேறொரு முறை பரவியது. நிறத்தை மெல்லிதாகப் பூசி, அதன்மேல் நிறமற்ற கண்ணாடி போன்ற ஒரு பூச்சை இடுவது அந்த முறை. பட்டறைகளில் இதைக் கிளியர் கோட் என்பார்கள். இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களிற் பெரும்பாலானவை இவ்வகையினவே. தகட்டின்மேல் துருவைத் தடுக்க மின்முறையில் படியவைத்த அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட். இந்த நான்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான். நம் தலைமயிரின் கனம் 50 முதல் 100 மைக்ரான் என்பதை நினைவிற் கொண்டால், ஒன்றிரண்டு மயிரிழையின் கனத்தை நம்பித்தான் வண்டி வெயிலில் நிற்கிறது என்பது விளங்கும். கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான்.

அந்த மெல்லிய படலத்துக்குள் இருவகைக் காவலர்களை விஞ்ஞானிகள் அமர்த்தியிருக்கிறார்கள். முதல் வகை, புற ஊதாக் கதிரைத் தானே விழுங்கி, அதைத் தீங்கற்ற வெப்பமாக மாற்றி வெளியிடுகிறது. இரண்டாம் வகை, 1970-களில் வழக்கத்துக்கு வந்த ஒருவகை அமீன் சேர்மங்கள். இவை ஒளியைத் தடுப்பதில்லை. முதற் காவலைத் தப்பி வந்த கதிரால் ஒரு கண்ணி அறுந்தால், அந்த அறுந்த முனையைப் பிடித்து அடக்கி, அடுத்ததைத் தாக்காமல் தடுக்கின்றன. பிறகு பழைய நிலைக்கு மீண்டு மறுபடியும் பணிபுரிகின்றன. ஆயினும் எந்தக் காவலும் நிலையானதன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல இவையும் குறைந்து போகின்றன.

காவல் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் உற்பத்தியான கார்கள் பலவற்றில் வண்ணம் தகடு தகடாக உரிந்து விழுந்தது. ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. நடுவில் இருக்கவேண்டிய பிரைமரை அந்த வண்டிகளில் பூசாமல் விட்டிருந்தார்கள். மெல்லிய நிறப் பூச்சை ஊடுருவிச் சென்ற ஒளி, அடியிலிருந்த எபாக்சிப் பூச்சைத் தாக்கிற்று. துருவைத் தடுப்பதில் வல்லது எபாக்சி. ஆனால் சூரிய ஒளியைத் தாங்காது. அதன் மேற்பரப்பு பொடியானதும், மேலே இருந்த அடுக்குகள் பிடிமானம் இல்லாமல் பெயர்ந்துவிட்டன. மேலே பார்வைக்கு அழகாக இருந்த வண்டிக்கு அடித்தளம் போயிருந்தது.

நிறத்துக்கு நிறம் வேறுபாடும் உண்டு. சிவப்பு வண்டி விரைவில் வெளுக்கும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிவப்பு நிறமி, நீல ஒளியையும் பச்சை ஒளியையும் விழுங்கிச் சிவப்பை மட்டும் நமக்குத் திருப்பித் தருகிறது. விழுங்கிய ஆற்றல் அதன் மூலக்கூற்றையே சிதைக்கலாம். 1958-இல் விற்பனைக்கு வந்த குவினாக்ரிடோன் என்னும் நிறமிகள் இக்குறையைப் பெரிதும் நீக்கின. வெள்ளை வண்டியிலோ வேறொரு விந்தை. வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டையாக்சைடு, ஒளி பட்டால் தன்னைச் சுற்றியுள்ள பிசினைச் சிதைக்கத் தூண்டும் இயல்புடையது. அதனால் அந்தத் தூளின் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா ஆகியவற்றால் மெல்லிய உறை இட்டுப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, மங்கிப்போன வண்டியை என்ன செய்வது? மருத்துவர் முதலில் நோயை அறிவதுபோல, நாமும் முதலில் அதன் நிலையை அறியவேண்டும். வண்டியை நிழலில் நிறுத்திக் கழுவிக் காயவிடுங்கள். ஒரு வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டு, மறைவான ஓரிடத்தில் மெல்லத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது பழைய முறைப் பூச்சு. மேலே கிளியர் கோட் இல்லை. நிறம் ஏறாவிட்டால் கிளியர் கோட் இருக்கிறது என்று கொள்ளலாம். அன்று இந்தச் சோதனையை அறியாமலே செய்தேன். அதன் விடை என் கையிலேயே இருந்தும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அடுத்து, விரலால் தடவிப் பாருங்கள். மங்கல் மட்டும் இருந்து, பரப்பு ஒரே தொடர்ச்சியாக இருந்தால், மேலே சிதைந்த படலம் மெல்லியது. அதை நீக்கினால் கீழே நல்ல பூச்சு இருக்கும். இதற்கு பாலிஷ் போதும். விளிம்பு விளிம்பாக உரிந்து, நகத்துக்குத் தட்டுப்பட்டால், கிளியர் கோட் பிடிப்பை இழந்துவிட்டது என்று பொருள். அதற்கு எந்தப் பாலிஷும் மருந்தாகாது, மெழுகும் ஆகாது. உரிந்த பகுதியை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்து, மீண்டும் நிறமும் கிளியர் கோட்டும் அடிப்பதே வழி. உரிந்ததன்மேல் புதிய கிளியர் கோட்டை மட்டும் அடித்தால், பழையது உரியும்போது புதியதையும் சேர்த்துக்கொண்டு உரியும்.

மங்கலை நீக்க விரும்புவோர் வரிசை தவறாமல் செய்யவேண்டும். வண்டி நிழலில் இருக்கவேண்டும். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். முதலில் தூசி ஒரு துகளும் இல்லாமல் கழுவவேண்டும்; இல்லாவிட்டால் அந்தத் தூசியே உப்புத்தாள் ஆகிவிடும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெலிந்திருக்கும். அங்கே தாள் நாடாவை ஒட்டி மறைத்துவிடவேண்டும். எப்போதும் மிக மென்மையான பாலிஷில் தொடங்கி, அது போதாவிட்டால் மட்டுமே அடுத்த வலிமைக்குப் போகவேண்டும். கைப்பிடி அளவு இடத்தில் செய்து பார்த்து, மனநிறைவு கிடைத்த பிறகே பரப்பு முழுவதையும் தொடவேண்டும். ஒளி திரும்பியவுடன் நிறுத்திவிடவேண்டும். நிறுத்தத் தெரிவதே இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி. கிளியர் கோட் உள்ள வண்டியில் தேய்க்கும் ஒவ்வொரு முறையும், காவலர்கள் குடியிருக்கும் படலத்திலிருந்து சில மைக்ரான் போகிறது. பளபளப்பு மிகுந்து ஆயுள் குறைந்த வண்டியை நாமே உண்டாக்கிவிடக் கூடாது. இறுதியாக, பாலிஷ் போட்ட பரப்பை மெழுகு பூசி மூடவேண்டும்.

மெழுகைப் பற்றி ஒரு சொல். இதற்குப் பெயர்போனது கார்னௌபா மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனையினத்தின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. வறண்ட வெயிலில் தன் நீர் ஆவியாகிப் போகாமலிருக்க அந்த மரம் தன் ஓலைமேல் தானே பூசிக்கொள்ளும் போர்வை அது. 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் உருகும். மரத்தின் போர்வை வண்டிக்கும் போர்வையாகிறது. எனினும் இது நீரையும் அழுக்கையும் ஒட்டவிடாமல் காப்பதே அன்றி, வெயிலை நிறுத்திவிடும் கவசம் அன்று. நம் கோடையில் சில வாரங்களிலேயே தேய்ந்துவிடும், மறுபடி பூசவேண்டும்.

வருமுன் காப்பதற்குச் செலவே இல்லாத வழி நிழல். வீட்டின் எந்தப் பக்கம் எந்த நேரத்தில் நிழல் விழுகிறது என்று ஒரு நாள் கவனித்து, வண்டி நிற்கும் இடத்தை மாற்றினாலே பாதிக் காவல் ஆயிற்று. மரத்தடி நிழலும் நல்லதே. ஆனால் அங்கே காக்கையும் உண்டு, மரப்பிசினும் உண்டு. பறவை எச்சத்தில் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடாகி இளகிய பூச்சின்மேல் அது கிடந்தால், வடு நிலைத்துவிடும். ஆகையால் கண்டவுடன் ஈரத்துணியை அதன்மேல் சிறிது நேரம் போட்டு ஊறவைத்து, அழுத்தாமல் எடுத்துவிடவேண்டும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டுவது இரட்டைத் தீங்கு.

நடுப்பகலில் வண்டி கழுவும் வழக்கத்தையும் விட்டுவிடவேண்டும். நம் ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. சூடான தகட்டில் அது நொடியில் ஆவியாகி, வெள்ளைப் பொட்டுகளை விட்டுச் செல்லும். காலையிலோ மாலையிலோ கழுவி, உடனே துடைத்துவிடுவது நலம். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று படிவதால் அடிக்கடி கழுவுதல் இன்றியமையாதது. துணி உறை போடுவோர், காற்றோட்டமுள்ள உறையாகப் பார்த்து, தூசி துடைத்த வண்டிமேல் போடவேண்டும். தூசியின்மேல் போட்ட உறை காற்றில் ஆட ஆட, வண்டியை இரவு முழுவதும் தேய்த்துக்கொண்டிருக்கும்.

இனி, இறுதியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மதுரைப் பாயை 10 ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்க்கப் போனேன். பட்டறை வாயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மகன் வேலை செய்துகொண்டிருந்தார். “நான் இப்ப கன்னைத் தொடுறதில்லை தம்பி. அடிச்ச அன்னைக்கு ராத்திரியெல்லாம் மூச்சு முட்டுது. டாக்டர் வேண்டாம்னுட்டார்” என்றார். புதிய முறைக் கிளியர் கோட் வந்த நாள் முதல் அதை அவர் தம் கையால் அடித்து வந்தார். முகத்தில் ஒரு கைக்குட்டையைத் தவிர வேறு காப்பு இல்லை.

இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் அந்தப் பூச்சில், ஹார்டனர் என்று சொல்லப்படும் திரவத்தில் ஐசோசயனேட் என்னும் சேர்மம் இருக்கிறது. பூச்சு இறுகிவிட்ட பிறகு அதனால் தீங்கில்லை. ஆனால் அடிக்கும்போது எழும் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால், சிலருக்குத் தீராத ஆஸ்துமாவைக் கொடுக்கும். ஒருமுறை உடல் அதற்குப் பழகிப்போய் எதிர்க்கத் தொடங்கினால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சை அடைக்கும். கைக்குட்டையும் சாதாரணத் துணி முகமூடியும் இதைத் தடுப்பதில்லை. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசமும், காற்றை இழுத்து வடிகட்டி அனுப்பும் தனி அறையும் வேண்டும். பழைய வண்டிகளின் மஞ்சள், சிவப்புப் பூச்சுகளில் ஈயக் கலப்பும் உண்டு. அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி நஞ்சு. நீர் தொட்டுத் தேய்ப்பதும், குழந்தைகளை அண்டவிடாதிருப்பதும் கடமை.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளர்கள் ஆவீர்கள். சிலர் பட்டறை வைப்பீர்கள். பலர் வண்டி வாங்குவீர்கள். வெயிலில் நிறுத்தி, கவனியாமல் விட்டு, வண்ணம் உரிந்த பின் பட்டறைக்குக் கொண்டு போகும் ஒவ்வொரு வண்டிக்கும், எங்கோ ஒருவர் தம் மூச்சிலிருந்து கொஞ்சம் செலவழிக்கிறார். நிழலில் நிறுத்திய வண்டி அந்தச் செலவை மிச்சப்படுத்துகிறது. வண்ணம் அடித்தே தீரவேண்டிய நாள் வந்தால், கூலியைக் கேட்பதற்கு முன், அடிப்பவருக்கு நல்ல முகக்கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அன்று விடைபெறும்போது பாயின் மகனிடம் நான் அதைத்தான் கேட்டேன். அவர் சுவரில் மாட்டியிருந்த கவசத்தைக் காட்டினார். அது புதிதாக இருந்தது. “அத்தா போட்டுக்கிட்டாத்தான் வேலை செய்ய விடுறாங்க” என்று சொல்லிச் சிரித்தார்.